டிரிஸ்டன் டா குன்ஹா

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே அமைந்த எரிமலைத் தீவுக்கூட்டம். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஒன்றைச் சேர்ந்தது. ஊரும் குடிகளும் உள்ள மிக அருகிலுள்ள நிலமான செயின்ட் ஹெலினா சுமார் 2,400 கி.மீ. வடக்கே உள்ளது. கேப் டவுன் சுமார் 2,800 கி.மீ. கிழக்கே. மற்ற மனிதக் குடியிருப்புகளிலிருந்து இவ்வளவு தொலைவில் வாழும் சமூகம் உலகில் வேறில்லை. மக்கள் தொகை 250க்கும் குறைவு. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனில் கப்பலேறினால் ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். கப்பலும் ஆண்டில் சில முறைதான் வரும்.

முதன்மைத் தீவு ஏறக்குறைய வட்ட வடிவம் கொண்டது. பரப்பு 98 சதுர கி.மீ. நடுவே 2,062 மீட்டர் உயரத்தில் குயின் மேரி சிகரம். தீவு முழுவதும் ஒரே எரிமலை என்றே சொல்லிவிடலாம். கடலிலிருந்து நேராகச் சுமார் 600 மீட்டர் எழும் பாறைச் சுவர் தீவைச் சுற்றி வருகிறது. வடமேற்கில் மட்டும் அந்தச் சுவரின் காலடியில் குறுகலான சமவெளி ஒன்று உண்டு. தீவின் ஒரே ஊரும் மேய்ச்சல் நிலமும் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் இந்தத் துண்டு நிலத்தில்தான். ஊரின் பெயர் ‘ஏழு கடல்களின் எடின்பரோ’. 1867இல் இங்கு வந்த எடின்பரோ கோமகன் ஆல்ஃபிரட் இளவரசரின் நினைவாக வைத்த பெயர் அது. அருகிலுள்ள இன்அக்சஸிபிள், நைட்டிங்கேல் தீவுகளில் குடியிருப்பு இல்லை. தென்கிழக்கே மிகத் தள்ளியுள்ள காஃப் தீவில் தென்னாப்பிரிக்கா 1956 முதல் வானிலை நிலையம் நடத்துகிறது.

1506இல் போர்ச்சுகீசிய மாலுமி டிரிஸ்டோ டா குன்ஹா தீவைக் கண்டு, இறங்காமலே தன் பெயரை விட்டுச் சென்றார். முந்நூறு ஆண்டுகள் நிலையான குடி எதுவும் இல்லை. 1811இல் அமெரிக்காவின் சேலம் நகரத்து ஜோனதன் லாம்பர்ட் தீவைத் தன் சொத்து என்று அறிவித்தார்; மறு ஆண்டே கடலில் மூழ்கி இறந்தார். 1816இல் பிரிட்டன் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து படை அனுப்பித் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. செயின்ட் ஹெலினாவில் சிறை வைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க எவரும் இத்தீவைத் தளமாக்கிவிடக் கூடாது என்ற அச்சம் ஒரு காரணம். பிரிட்டனோடு நடந்த 1812ஆம் ஆண்டுப் போரில் அமெரிக்கக் கப்பல்கள் இதைப் பயன்படுத்தியது இன்னொன்று.

அடுத்த ஆண்டே படை திரும்பியது. ஸ்காட்லாந்தின் கெல்சோ ஊரைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் மட்டும், தம் மனைவி மரியாவோடும் குழந்தைகளோடும் தங்கிக்கொள்ள அனுமதி கேட்டார். சாமுவேல் பர்னெல், ஜான் நான்கிவெல் இருவரும் உடன் தங்கினர். 1817 நவம்பரில் மூவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். கால்நடையும் சரக்கும் அனைவருக்கும் சமமாகச் சேர வேண்டும். வரும் இலாபத்தில் சம பங்கு, வாங்கும் பொருளின் விலையிலும் சம பங்கு. ஒருவர் மற்றவருக்கு மேலானவராக நடக்கக் கூடாது. இந்தத் தீவின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி எது என்றால், பின்னாளில் வெடித்த எரிமலையைவிட இந்தத் தாளையே சொல்ல வேண்டும். நிலம் தனியாருக்கு விற்கப்படாமல் இன்றும் பொதுச் சொத்தாக இருக்கிறது. ஒரு குடும்பம் இத்தனை மாடு, இத்தனை ஆடுதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பும் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் அழியாமல் இருப்பது அந்த வரம்பால்தான்.

கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களும், திமிங்கல வேட்டைக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்களும் குடியைப் பெருக்கினர். 1827இல் மணமாகாத ஆண்களின் வேண்டுகோளை ஏற்று, ஒரு கப்பல் தலைவர் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்களை அழைத்து வந்தார். 1836இல் கரை ஒதுங்கிய டச்சுக்காரர் பீட்டர் கிரீன், கிளாஸுக்குப் பின் நெடுங்காலம் ஊர்ப் பெரியவராக இருந்தார். 1892இல் ‘இத்தாலியா’ கப்பல் உடைந்தபோது கமோலி ஊரைச் சேர்ந்த ரெப்பெட்டோவும் லவரெல்லோவும் இங்கேயே தங்கினர். கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ என்ற ஏழு குடும்பப் பெயர்களே பின்னர் நெடுங்காலம் தீவில் நிலைத்தன. மூதாதையர் வெகு சிலர் என்பதால் ஆஸ்துமா பரம்பரையாகப் பரவியிருக்கிறது. அந்நோயின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் இத்தீவு மக்களிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

அந்நாளையப் பொருளாதாரம் பண்டமாற்றுதான். கடந்து போகும் கப்பல்களுக்கு உருளைக்கிழங்கு, இறைச்சி, நன்னீர். பதிலுக்கு மாவு, துணி, ஆணி. திமிங்கல வேட்டை குறைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் வேறு வழியில் சென்றன. வரும் கப்பல்கள் அருகிப் போயின. 1882இல் உடைந்த ஒரு கப்பலிலிருந்து எலிகள் கரையேறிப் பயிரை நாசமாக்கின. 1885 நவம்பரில், தொலைவில் தெரிந்த கப்பலோடு பண்டமாற்றுச் செய்யப் படகேறிய 15 ஆண்கள் திரும்பவேயில்லை. உழைக்கும் வயதிலிருந்த ஆண்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் இழந்த ஊர் அது. தீவைக் காலி செய்துவிடலாம் என்ற யோசனை வெளியிலிருந்து பலமுறை வந்தது. மிஞ்சியவர்கள் மண்ணை விட்டுப் போகவில்லை.

பணம் புழங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படை இங்கு நிலையம் அமைத்த பிறகுதான். 1946இல் தபால்தலைக்காக வரைந்த மாதிரி ஒன்றில் ஒரு பென்னிக்கு இணையாக நான்கு உருளைக்கிழங்கு என்று விலை குறித்திருந்தார்கள். தீவின் நாணயம் அதுவரை எதுவாக இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சொந்தத் தபால்தலை 1952இல் வந்தது. சேகரிப்பாளர்களுக்கு விற்பதில் இன்றும் ஓரளவு வருவாய் உண்டு.

உண்மையான வருவாய் சிங்கி இறால். 1949 வாக்கில் தொடங்கிய இத்தொழிலே அரசின் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. மீன்பிடி உரிமை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, அதற்கான தொகை தீவு நிர்வாகத்துக்கு வருகிறது. கடல் அடங்கிய நாளின் விடியலில் ஊரில் மணி போலத் தொங்கும் இரும்புத் துண்டைத் தட்டுவார்கள். ஆசிரியரோ தச்சரோ, படகுக்காரர் அன்று வழக்கமான வேலையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடுவார். மாலையில் இறால் கரைக்கு வந்ததும் தொழிற்சாலையில் வேலை தொடங்கும். அத்தகைய நாட்கள் ஆண்டில் அதிகம் கிடைப்பதில்லை. துறைமுகம் மிகச் சிறியது. பெரிய கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் மாற்றிக் கொண்டுவர வேண்டும்.

1961இல் ஊரையொட்டியே எரிமலை வெடித்தது. அக்டோபர் 10 அன்று 264 பேரும் மீன்பிடிப் படகுகளில் நைட்டிங்கேல் தீவுக்குப் போய், அங்கிருந்து கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். இறால் தொழிற்சாலையையும் படகு இறங்கும் கரையையும் எரிமலைக் குழம்பு மூடியது. வீடுகள் பெரும்பாலும் தப்பின. இங்கிலாந்தில் அவர்களுக்குச் சம்பள வேலையும் மின்சாரமும் தொலைக்காட்சியும் கிடைத்தன. புதிய ஊரின் சளியும் காய்ச்சலும் முதியவர்களை வாட்டின. 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது: திரும்பிப் போக 148 பேர், தங்க 5 பேர். 1963இல் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வசதி கிடைத்தால் எவரும் தீவை மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட அதிகாரிகளுக்கு அந்த எண்களே பதில். 1967இல் கட்டிய துறைமுகத்துக்கு, இங்கிலாந்தில் தாங்கள் தங்கியிருந்த கால்ஷாட்டின் பெயரையே வைத்தார்கள்.

ஆட்சிமுறையில் இத்தீவு 1938இல் செயின்ட் ஹெலினாவின் சார்புப் பகுதியாக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் டா குன்ஹா மூன்றும் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதி. ஆளுநர் செயின்ட் ஹெலினாவில் இருக்கிறார். அவர் சார்பில் தீவில் ஒரு நிர்வாகி. அவருக்கு ஆலோசனை சொல்லும் தீவு மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 8 பேர், நியமிக்கப்பட்டவர் 3 பேர்; பதவிக்காலம் 3 ஆண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தீவுத் தலைவர். ஏட்டின்படி அதிகாரம் நிர்வாகியிடம் இருந்தாலும், 250 பேர்கூட இல்லாத ஊரில் மன்றத்தை மீறி எதுவும் நடப்பது கடினம்.

இயற்கைவளமும் இதே மக்களின் பொறுப்பில்தான். பறக்காத பறவைகளில் உலகிலேயே மிகச் சிறியதான கானாங்கோழி வகை இன்அக்சஸிபிள் தீவில் மட்டுமே வாழ்கிறது. காஃப் தீவு 1995இலும் இன்அக்சஸிபிள் 2004இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2011 மார்ச்சில் ‘ஒலிவா’ என்ற சரக்குக் கப்பல் நைட்டிங்கேல் அருகே பாறையில் மோதி எண்ணெய் கசிந்தபோது, எண்ணெய் படிந்த பென்குயின்களை ஊர்மக்கள் கொட்டகையில் வைத்துக் கழுவிப் பராமரித்தனர். அப்படியும் ஆயிரக்கணக்கில் இறந்தன. 2020இல் சுமார் 6,87,000 சதுர கி.மீ. கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதில் 90 விழுக்காட்டில் மீன்பிடிக்கத் தடை.

வெளியார் இங்கு நிலம் வாங்க முடியாது. வந்து பார்க்க விரும்புபவர் தீவு மன்றத்தின் அனுமதியை முதலில் பெற்ற பிறகே கேப் டவுனில் கப்பலேறலாம்.