ஜெலுத்தோங்: ஊர்ப்பெயரும் ஆறும் கடற்கரையும்

பினாங்குத் தீவின் பெயர் பாக்குமரத்தைக் குறிப்பது. ஜெலுத்தோங்கும் மரப்பெயரே. அம்மரத்தின் பால் 20ஆம் நூற்றாண்டில் மெல்லும் பசை செய்வதற்கு மூலப்பொருளாயிற்று. ஓர் ஊர், இயற்கை தந்த பயனின் பெயரைத் தாங்கி நிற்பதை இங்குக் காண்கிறோம். அப்பயன்களையே நகர்ப் புதுப்பிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுவருவதால், அவற்றை இவ்வூர் எங்ஙனம் இழந்தது என்பதை நாம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் ஆயர் ஈத்தாம் ஆற்றை நம்பி அதன் கரையில் குடியேறினர். டோபி காட் என்னும் இடப்பெயர் அதற்குச் சான்று. ஆற்றுநீர் அவர்களுக்குக் கூலியின்றிக் கிடைத்த தொழிற்கருவி எனலாம். அந்நீர் சுங்கை பினாங்கில் கலந்து, ஜெலுத்தோங்கிற்கு அருகே கடலையடைகிறது. நகரம் வளர்ந்தபோது அதே ஆறு கழிவுநீர்க் கால்வாயாயிற்று. நாட்டின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாக நெடுங்காலம் பேசப்பட்டது. தொழிலாளர் வரலாற்றை எழுதிய நாம் ஆற்றின் வரலாற்றை எழுதத் தவறினோம்.

கடற்கரைக்கும் இந்நிலையே நேர்ந்தது. கரையோரத்தில் குப்பைமேடு எழுந்தது. கடலைத் தூர்த்த நிலத்தில் விரைவுச்சாலை அமைந்தது. பின்னர் அது துன் டாக்டர் லிம் சோங் இயூவின் பெயரைப் பெற்றது. பெருமழையும் கடலேற்றமும் ஒருங்கே நேரும்போது தாழ்நிலத்து நீர் எளிதில் வடிவதில்லை. 2017 நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளம், நீரை உறிஞ்சும் நிலத்தின் அருமையை உணர்த்தியது.

இதன் பின்னரே, தழுவல் நிதியத்தின் ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டாலர் உதவியுடன், ஐ.நா. வாழ்விட அமைப்பும் திங்க் சிட்டி நிறுவனமும் பங்கேற்கும் இயற்கைசார் தழுவல் திட்டம் உருப்பெற்றது. ஜார்ச்டவுன், பாயான் லெப்பாஸ் ஆகிய பகுதிகளில் மரம் நடுதலும் மழைநீரைத் தேக்கி மெல்ல வடித்தலும் அதன் கூறுகள். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும், தெருவுக்கு நிழல் தருவதோடு இப்பணி நின்றுவிடலாகாது என்பது நம் கருத்து.

காரணம், ஜெலுத்தோங்கின் பெருஞ்செல்வம் கடலில் இருக்கிறது. கரைக்கு எதிரே, நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் மிடல் பேங்க் மணல்திட்டில் கடற்புல் வெளி உண்டு. மீன்குஞ்சுகளுக்கு அது புகலிடம். அதன் வேர்கள் சேற்றைப் பிடித்துநிறுத்துகின்றன. குப்பைமேட்டைச் சீரமைக்க முன்வைக்கப்பட்ட திட்டமோ கடலை மேலும் தூர்த்து நகர்ப்பகுதி அமைப்பதையும் உட்கொண்டிருந்தது. மேட்டின் நஞ்சு கடலிற் கசியாமல் தடுப்பது இன்றியமையாதது. அதற்குரிய செலவை, தூர்த்த நிலத்தின் விலையால் ஈடுசெய்ய முனையும்போது, கடற்புல்லின் பயன் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?