ரத்தம் எழுதிவைக்கும் மூன்று மாதக் கணக்கு

1960களின் பிற்பகுதியில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம். அகார் கூழில் ஹீமோகுளோபினை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் வகைகள் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். அப்படிப் பிரிந்ததில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை கண்ணில் பட்டது. விசாரித்தால், அந்த ரத்தத்துக்கு உரியவர் நீரிழிவு நோயாளி. பிறகு நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தையே தேடிச் சோதித்தார். 47 பேரிடம் அதே பட்டை தெரிந்தது. 1968இல் ஒரு சிறு கட்டுரையாக அதை வெளியிட்டார்.

இன்று சிற்றூர்ப் பரிசோதனை நிலையங்களில்கூட ‘மூணு மாசச் சுகர்’ என்று மக்கள் கேட்டு எடுத்துக்கொள்ளும் ஹெச்பிஏ1சி (சுருக்கமாக ஏ1சி) சோதனை அந்தப் பட்டையிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் பட்டை கண்ணில் பட்ட காலத்துக்கும், அதை மட்டுமே வைத்து ஒருவருக்கு நீரிழிவு என்று மருத்துவ உலகம் சொல்லத் துணிந்த காலத்துக்கும் இடையே 40 ஆண்டுகள் உருண்டோடின. இந்த எண்ணை நாம் நம்புவதற்குக் காரணம் அந்த 40 ஆண்டு உழைப்பு.

அதற்கு முன்பு நீரிழிவைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் சிறுநீர்தான். இனிக்கும் சிறுநீரையும் அதை மொய்க்கும் எறும்பையும் பழைய ஆயுர்வேத நூல்கள் பேசுகின்றன. அந்த இனிப்பு ரத்தத்திலும் இருக்கிறது என்பதை 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் கரைசல் வந்தது. அந்த நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். பல வீடுகளில் காலையில் அடுப்பங்கரையிலேயே அந்தச் சோதனை நடந்தது.

ரத்தச் சர்க்கரையை நேரடியாக அளக்கும் முறைகள் வந்த பிறகும் ஒரு குறை தீரவில்லை. அந்த அளவு ஊசி குத்திய நேரத்து நிலவரம் மட்டுமே. டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து பத்தியம் காத்தால் போதும், மாதக்கணக்கில் ஏறிக் கிடந்த சர்க்கரையை அந்த எண் மறைத்துவிடும்.

ரஹ்பர் கண்ட பொருள் வேதியியலாளர்களுக்குப் புதிதல்ல. 1958லேயே அந்த ஹீமோகுளோபின் கூறைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவுதான் அதுவரை தெரியாமல் இருந்தது. ரஹ்பர் நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, ஹீமோகுளோபின் ஆய்வில் பெயர்பெற்ற ஹெலன் ரேனியுடன் வேலை செய்தார். தெஹ்ரானில் கண்ட பட்டையும் ஹெச்பிஏ1சியும் ஒன்றே என்பது 1969இல் உறுதியானது. 1971இல் ரேனியும் சக ஆய்வாளர்களும், நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தக் கூறு ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதை அளந்து காட்டினார்கள்.

அது எப்படி உருவாகிறது? கல்லில் தோசை முறுகிச் சிவப்பதற்குப் பின்னால் சர்க்கரையும் புரதமும் சேரும் ஒரு வினை இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்தது அது. அதன் முதல் படிதான் உடலின் வெப்பத்தில், மிக மெதுவாக, நம் சிவப்பணுக்களுக்குள்ளும் நடக்கிறது. குளுக்கோஸ் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டவைக்க நொதி எதுவும் தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை கூடக் கூட ஒட்டுவதும் கூடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த ஆயுள் முழுவதும் இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகிறது என்பதை 1976இல் ஃபிராங்க்ளின் பன் குழுவினர் கதிரியக்க இரும்பைப் பயன்படுத்தி நிறுவினார்கள். கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியை ஒரே துளி ரத்தம் சொல்வது இதனால்தான். இரண்டு நாள் பத்தியத்தால் அதைக் கலைக்க முடியாது.

அதே 1976இல், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் கோனிக், அந்தோணி செராமி உள்ளிட்டோர் ஐந்து நீரிழிவு நோயாளிகளை மருத்துவமனையில் தங்கவைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 343 மில்லிகிராமிலிருந்து 84க்கு இறங்கியது. பின்னாலேயே ஏ1சியும் 9.8 சதவீதத்திலிருந்து 5.8க்கு வந்தது. சிகிச்சை பலிக்கிறதா என்பதைக் காட்டும் அளவுகோல் ஒன்று மருத்துவர்களின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் எண் இறங்கினால் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படுமா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேர் டிசிசிடி என்ற ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. அவர்களின் ஏ1சி 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மற்றவர்களுக்குத் தீவிர இன்சுலின் சிகிச்சை. அவர்களின் ஏ1சி 7ஐ ஒட்டி இருந்தது. 1993இல் முடிவு வந்தது. தீவிர சிகிச்சை பெற்றவர்களில், தொடக்கத்தில் கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. 1998இல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, நம் ஊரில் அதிகம் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவிலும் நல்ல கட்டுப்பாடு நுண்ணிய ரத்தக்குழாய்களின் பாதிப்புகளைக் குறைக்கிறது என்று காட்டியது.

இதற்கிடையில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வேலையும் நடந்தது. அப்போது ஒரே ரத்தத்துக்கு ஓர் ஆய்வகம் ஓர் எண்ணும், அடுத்த ஆய்வகம் வேறோர் எண்ணும் சொல்லிக்கொண்டிருந்தன. உலகத்தின் எந்த மூலையில் அளந்தாலும் 7 என்பது டிசிசிடியின் 7ஆகவே இருக்க வேண்டும் என்ற தரப்படுத்தும் திட்டம் 1996இல் தொடங்கியது. அது பலித்த பிறகே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010இலும், உலக சுகாதார நிறுவனம் 2011இலும் 6.5 சதவீதத்தை நோயை உறுதிசெய்யும் எல்லையாக ஏற்றன. ஈரானியப் புரட்சி நடந்த 1979இல் நாட்டை விட்டுப் போன ரஹ்பர், கலிஃபோர்னியாவில் ஆய்வைத் தொடர்ந்தார். 2012இல் அந்தச் சங்கம் அவரைக் கௌரவித்தது. அதே ஆண்டு அவர் காலமானார்.

இத்தனை தூரம் வந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. கணக்கு முழுக்கச் சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவு ஏ1சியை உயர்த்திக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் ரத்தசோகையோ குறைத்துக் காட்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கும்போது இதை ஒதுக்கிவிட முடியாது. கர்ப்பகாலத்தில் ரத்தத்தின் போக்கே மாறிவிடுகிறது. அங்கே கைகொடுப்பது சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னின்று பரப்பிய எளிய முறை: கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்ப்பது.

நீரிழிவுக்கு வழிவகுக்கும் உடல்பருமனுக்கு ரத்தத்தில் இப்படி ஓர் எண் இன்னும் அமையவில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் மரபணுவைக் கண்டபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. கொழுப்புத் திசு சுரந்து, ரத்தம் வழியாக மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லியனுப்பும் ஹார்மோன் அது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், மிக இளம் வயதிலேயே கடுமையாக எடை கூடிய இரு குழந்தைகளின் ரத்தத்தில் லெப்டின் இல்லாத குறையைக் கண்டுபிடித்தார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி வாழ்க்கையையே மாற்றியது. ஆனால் உடல் பருத்த பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அன்றாடச் சோதனையாக அது மாறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமினோ அமிலங்கள் வேறொரு தடம். உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதை 1969லேயே ஃபிலிப் ஃபெலிக் குழுவினர் கவனித்தார்கள். 2011இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்தும் நீரிழிவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உயர்ந்திருப்பது தெரிந்தது. ஏ1சி கடந்த தூரம் இவற்றுக்கு முன்னால் அப்படியே கிடக்கிறது: ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒத்துப்போகும் அளவு, சிகிச்சையால் எண் மாறினால் நோயும் மாறும் என்ற நிரூபணம். இவற்றை நிறுவும் ஆய்வுகளில் நம் மக்களின் ரத்தமும் இடம்பெற வேண்டும். ஃபிராமிங்ஹாமில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். தெற்காசியர்களுக்கோ அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே நீரிழிவு வருகிறது. 2023இல் வெளியான இந்திய ஆய்வின் மதிப்பீட்டில், இந்த நாட்டில் நீரிழிவுடன் வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர்.