தோணியும் அதன் மாதிரியும்: புதுக்கோட்டைக் கரையை முன்னிட்டு ஓர் ஆய்வு

கல்லிற் பொறித்தது நிற்கும். மரத்திற் செய்தது மட்கும். தமிழர்தம் கடல் வாழ்வை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் இதுவே. கோயிலை அளக்கலாம், கல்வெட்டைப் படியெடுக்கலாம், கரையேறி உளுத்துப்போன தோணியை எங்ஙனம் அளப்பது? இவ்விடத்தேதான் மரக்கல மாதிரிகள் வரலாற்றுக்குத் துணையாகின்றன. ஓய்வுநேரக் கைவேலை என்றே பலரும் எண்ணும் இம் மாதிரியாக்கம் எப்பொழுது சான்றாகும், எப்பொழுது வெறுங் கற்பனையாகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1974ஆம் ஆண்டில் அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ள கடற்கரை உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலியன அக்கரையில் உள்ள ஊர்கள். பழைய புதுக்கோட்டைத் தனியரசுக்கோ கடற்கரை இல்லை. ஆகவே அத்தனியரசின் ஆவணங்களில் இக்கரையின் மரக்கலங்களைத் தேடிப் பயனில்லை. பாக் நீரிணைப் பகுதி முழுவதற்கும் பொதுவான சான்றுகளையே நாம் நாட வேண்டும்.

அவற்றுள் தலையாயது, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராயிருந்த ஜான் எடி என்பார் 1834இல் வெளியிட்ட கட்டுரையாகும். அவர் கூறும் தோணியின் நீளம் 70 அடி. அகலம் 20 அடி. ஆழம் 12 அடி. அதன் அடிப்பகுதி தட்டையானது. நடுவில் 7 அடி அகன்று, முன்னும் பின்னும் 10 அங்குலமாகக் குறுகுவது. ஓரடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவில் இதற்கு மாதிரி செய்யின், நீளம் 17½ அங்குலமும் அகலம் 5 அங்குலமும் ஆழம் 3 அங்குலமும் ஆகும். தட்டையடி நடுவில் 1¾ அங்குலம் அகன்றிருத்தல் வேண்டும். அழகு கருதி அவ்வடியை ஐரோப்பியக் கப்பல்போற் கூராக்கிவிட்டால், ஆழங் குறைந்த கடலில் தரை தட்டினும் சாயாது நிற்கும் தோணியின் இயல்பே மறைந்துபோம். ஒன்றே முக்கால் அங்குலத்தில் ஒரு கடலின் இயல்பு அடங்கியுள்ளது என்க.

பிரெஞ்சுக் கடற்படையினரான எட்மோன் பாரி என்பாரும் சோழமண்டலக் கரைக் கலங்களை நேரில் அளந்து, 1841 முதல் 1843 வரை வெளிவந்த தம் நூலில் வரைபடங்களாகத் தந்தார். 1871இல் பாரிசு நகர லூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றபின், அவ்வரைபடங்களைக் கொண்டே மாதிரிகளும் செய்வித்தார். மாதிரிக்கு மூலம் அளவே என்பதை அவர் பணி காட்டுகின்றது.

அளவு மட்டும் போதுமோ எனின், போதாது, கட்டுமுறையும் வேண்டும். பாக் நீரிணைக் கரையில் வழங்கிய வத்தை என்னும் படகைப் பற்றி 1998இல் வெளிவந்த கள ஆய்வு ஒன்று, வங்கு எனப்படும் விலாக்கட்டைகளை முதலில் நிறுத்திப் பின்னரே பலகை பொருத்தும் வழக்கத்தை விளக்குகின்றது. தாளில் வரையாது, பலகையில் முழு அளவிற் கீறிய கோடுகளிலிருந்தே தச்சர் வங்கின் வடிவங்களைப் பெற்றனர். அப்பலகை அடுப்பெரிய நேரின் ஒரு நூற்சுவடி எரிந்ததற்கு அஃது ஒப்பாகும். 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' பிழைத்தது. தச்சர் பலகைகளுக்கு அவ்வாய்ப்பு வாய்த்திலது.

இனி, சோழர் போர்க்கலம் என்னும் பெயரால் செய்யப்படும் மாதிரிகளைக் கருதுவோம். இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவிற் கடாரம் நோக்கிச் செலுத்திய கலங்களின் அளவைத் தரும் வரைபடமோ சிதைவோ நமக்குக் கிட்டவில்லை. ஆதலின் அம் மாதிரிகள் பெருமிதத்தின் வெளிப்பாடுகளேயன்றிச் சான்றுகள் ஆகா. அவற்றைச் செய்தல் குற்றமன்று. ஊகம் என்று குறியாது விடுதலே குற்றமாம். அளந்து செய்த எளிய தோணி மாதிரி ஒன்று, அளவறியாது செய்த பெருங்கலத்தினும் வரலாற்றுக்கு மிக்க பயனுடையது என்பது எம் கருத்து.

பழைய மாதிரிகளைப் பழுதுபார்ப்பார்க்கும் இந்நெறி பொருந்தும். உளிச்சுவட்டைத் தேய்த்து மழுக்கலாகாது. பழைய பாய்த்துணியைக் களைந்து புதியதை மாட்டலாகாது. புதிதாகச் சேர்த்த மரம் இன்னதெனக் குறித்துவைத்தல் வேண்டும். ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் அடைப்புக்குறியிட்டுக் காட்டுவர் அன்றோ? மாதிரியும் ஓர் ஏடே.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் 1910இல் தனியரசுக் காலத்தில் தோன்றியது. கடற்கரை இன்று இம்மாவட்டத்தினது ஆகிவிட்டது. இக்கரைத் தச்சருள் மூத்தோர் வாழுங்காலத்திலேயே, அவர்தம் சொல்லையும் அளவையும் கேட்டெழுதி, அவற்றின்படி வத்தைக்கும் தோணிக்கும் மாதிரி சமைத்து அத்தகைய இடத்தில் வைத்தல் வேண்டும். கடலிற் சென்ற கலம் மீளாது. அதன் அளவேனும் மீள்க.