இந்திராயணி பாலமும் எங்க ஊர் பாம்பன் பாலமும்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. மழை ஆரம்பித்தால் புனேக்காரர்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. அன்றைக்கும் தண்ணீர் பார்க்கக் கிளம்பிய கூட்டம், தளேகாவ் பக்கம் குண்டமளாவில் இந்திராயணி ஆற்றின் மேல் இருந்த பழைய இரும்பு நடைபாலத்தில் ஏறி நின்றிருக்கிறது. (தேஹு, ஆளந்தி போயிருப்பீர்களே, அதே இந்திராயணிதான்.) சாயங்காலத்துக்குள் பாலம் ஆற்றில் கிடந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். முப்பது வருஷம் சொச்சம்தான் அந்தப் பாலத்தின் வயது.

ராத்திரி ராமநாதபுரத்திலிருந்து அம்மா போன். "நீ அந்தப் பக்கம் போகலையேப்பா?" என்று விசாரித்துவிட்டு, "இரும்புப் பாலம் எப்படிப்பா விழும்? நம்ம பாம்பன் பாலம் கடலுக்குள்ளயே நூறு வருஷம் நிக்கலையா?" என்றார்.

இரும்போடு பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

போசரி பட்டறைகளில் எதைக் கேட்டாலும் 'எம்.எஸ்.' என்பார்கள். மைல்ட் ஸ்டீல். ஆங்கிள், சேனல், ஐ பீம், தகடு எல்லாம் இதுதான். இந்தியத் தர எண் முதலில் ஐ.எஸ். 226, இப்போது ஐ.எஸ். 2062. அதில் சாதாரணமாக வாங்குகிற ரகம் ஈ250. கார்பன் அதிகபட்சம் 0.23 சதவீதம், அவ்வளவுதான். நம் முன்னோர்கள் வாள் செய்ய உருக்கிய உருக்கில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். அது கடினம், ஆனால் வெல்டிங்குக்கு லாயக்கில்லை. எம்.எஸ். சாது. சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். அதற்கு மேல் போனால் உடையாது, நீளும். 100 மில்லிமீட்டர் துண்டு அறுவதற்குள் 123 ஆகியிருக்கும். அதாவது, விழுவதற்கு முன்னால் வளைந்து காட்டும். கட்டுமானக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

இந்த அருமை ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1879 டிசம்பர் 28 ராத்திரி, புயலில் டே பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. அதில் வார்ப்பிரும்புத் தூண்கள். வார்ப்பிரும்பு எச்சரிக்காது, பட்டென்று விட்டுவிடும். பெஸ்ஸமர் 1856-லேயே மலிவாக எஃகு செய்ய வழி காட்டியிருந்தார். அடுத்து அவர்கள் 1890-ல் திறந்த ஃபோர்த் பாலம் முழுக்க எஃகு. இன்றைக்கும் அதில் ரயில் ஓடுகிறது.

பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். இரண்டு கிலோமீட்டர் நீளம், 146 கண்கள். இரும்பை அரிப்பதில் மயாமிக்கு அடுத்த இடம் பாம்பன் என்பார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் போனதை எங்கள் வீட்டில் இன்னமும் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். இளம் இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். எப்படி? கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, திரும்ப ஏற்றித்தான்! வார்ப்பிரும்பாக இருந்தால் பொறுக்கத் துண்டுகள்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படிப்பட்ட சாதுவுக்கு ஒரே சத்ரு துரு. காற்றும் ஈரமும் சேர்ந்தால் போதும், உப்புகூட வேண்டாம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்டை உப்ப வைத்து, இடுக்கை விரித்து, உள்ளே போய்விடும். 6 மில்லிமீட்டர் ஆங்கிளில் பக்கத்துக்கு ஒன்று தின்றால் மிச்சம் 4. மூன்றில் ஒரு பங்கு பலம் காலி! மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சருகும் சேறும் தங்குகிற கீழ் மூட்டில்தான் வேலை நடக்கும். வளைந்து எச்சரிக்கிற குணம் அங்கே எடுபடாது. மூட்டு போனால் மொத்தமும் போயிற்று. குண்டமளாவில் துருவும் கூட்டமும் சேர்ந்துகொண்டன என்றுதான் அன்றைக்கே பேசினார்கள்.

பாம்பனில் உப்பு ஓயவில்லை, சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற ஆட்களும் ஓயவில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. அதற்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு. அப்படியும், திறப்பதற்கு முன்பே 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தன் அறிக்கையில் துருவைப் பற்றி எழுதியிருந்தார்.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற எம்.எஸ். படிக்குப் பெயின்ட் கொட்டேஷன் இரண்டு வருஷமாக 'அடுத்த மீட்டிங்' என்று தள்ளிக்கொண்டே போனது. அந்த வாரம் சுத்தியலோடு ஏறித் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது படிக்குக் கீழே பாளம் பாளமாக உதிர்ந்தது. ஒரு பாளத்தைக் கொண்டுபோய் மீட்டிங்கில் மேஜை மேல் வைத்தேன். செக்ரட்டரி காகா அதைத் தொட்டுப் பார்த்தார், கையில் பொடியாகிவிட்டது. கொட்டேஷன் அன்றைக்கே பாஸ்.