நாகப்பட்டினம் சூடாமணி விகாரம்: கடல் கடந்து வந்த கொடை

சூடாமணி விகாரம் என்பது சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்தப் பள்ளி ஆகும். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் இதைக் கட்டினான். கி.பி. 1006 அளவில் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வருவாய் ஏறத்தாழ 8,900 கலம் நெல் என ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன.

அயல்நாட்டு மன்னன் காவிரிப் படுகையில் கொடை அளித்தது ஏன்? புண்ணியமும் தந்தையின் நினைவும் வெளிப்படையான காரணங்கள். ஆனால் அவை மட்டும் அல்ல. நாகப்பட்டினம் காயாரோகணர் கோயிலுக்கும் ஸ்ரீவிஜய மன்னனின் அலுவலர்கள் அணிகலன்களும் சீனப் பொன்னும் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பௌத்த மன்னன் சிவன் கோயிலுக்கும் கொடுத்ததால், துறைமுக மக்களின் நல்லெண்ணமும் வணிகப் பாதுகாப்பும் அவன் நோக்கமாக இருந்திருக்கலாம்.

கொடை போரைத் தடுக்கவில்லை. 1025 இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. ஆயினும் பள்ளி அழியவில்லை. 1090 இல் கடாரத்துத் தூதர்கள் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். போரால் முறிந்த உறவு, பழைய கொடையின் பெயரால் மீண்டும் பேசப்பட்டது.