'வாக்கெட்'னு படிச்ச பையன் தப்பு பண்ணலை

1/ கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.க்கு ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். வயித்துவலி. அமுக்கிப் பார்த்தா ஒண்ணுமில்லை. அவன் அம்மா ஷூ கம்பெனி வேலைக்கு அரைநாள் லீவு போட்டுட்டு கலவைக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. "வாரத்துல ரெண்டு நாள்தான் சார் வலிக்குது." அந்த ரெண்டு நாளும் வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்கச் சொல்ற நாள்.

2/ 'வாக்ட்'னு சொல்ல வேண்டியதை 'வாக்கெட்'னு படிச்சிருக்கான். வகுப்பே சிரிச்சிருக்கு. அன்னையிலிருந்து வலி. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/ வாக் என்ற சொல்லுக்குப் பின்னால் இ-டி சேர்த்தா இறந்தகாலம். அந்த 'இ' ஏன் இருக்கு? ஒருகாலத்தில் அதை வாய்விட்டுச் சொன்னாங்க, அதான். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது தனி அசை. நம்ம பையன் படிச்ச மாதிரியே ரெண்டு அசையாத்தான் படிச்சாங்க.

4/ அப்புறம் பேச்சில் அந்த 'இ' கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துபோச்சு. கவிஞர்கள் அதை எடுத்துட்டு மேலே ஒரு காற்புள்ளி போட்டு எழுதினாங்க. படிச்சவங்களுக்குக் கோபம். 1711-இல் ஜோசப் அடிசன் தன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், இப்படிச் சுருக்கினா மொழி மெய்யெழுத்துக் கூட்டமா ஆகிடும்னு புலம்பினார். அவர் காட்டின உதாரணங்களில் ஒண்ணு இதே 'வாக்ட்'! அடுத்த வருஷம் ஜோனதன் ஸ்விஃப்டும் அதே புலம்பல். அதாவது 300 வருஷம் முன்னாடி 'வாக்ட்'தான் கொச்சை.

5/ கடைசியில் ஒலியில் ஜெயிச்சது பேச்சு, எழுத்தில் ஜெயிச்சது பழசு. பழைய ஒலி முழுசா சாகவும் இல்லை. கோர்ட்டில் வக்கீல்கள் எதிர்த்தரப்பை 'லேர்னட்'னு சொல்றாங்களே, அது அந்தக் காலத்து அசைதான்.

6/ இப்போ எப்படிச் சொல்லணும்? கையைத் தொண்டையில் வைங்க. வாக், ஸ்டாப் சொல்லும்போது கடைசி ஒலியில் குரல்நாண் அதிராது. அதனால 'பாட்டு'வில் வரும் ட். ப்ளே, கால் சொல்லும்போது அதிரும். அங்கே 'பாடு'வில் வரும் ட். வினைச்சொல்லே இந்த ரெண்டு ஒலியில் ஒண்ணில் முடிஞ்சா மட்டும் அசை தனியா வரும்: வாண்ட்டட், நீடட். மூணுக்கும் எழுத்து ஒண்ணுதான்: இ-டி.

7/ காதுக்கு ஏத்த மாதிரி எழுதலாமேன்னு அமெரிக்காவில் முயற்சி பண்ணினாங்க. 1906 ஆகஸ்டில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களைச் சுருக்கமா அச்சடிக்க அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். டிராப்ட், ஸ்டெப்ட் எல்லாம் இ-டி போய் வெறும் டீயில் முடியும். பத்திரிகைகள் கிண்டலடிச்சன. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பழைய அகராதி எழுத்தே போதும்னு சொல்லிடுச்சு. ஜனாதிபதியாலேயே முடியலை.

8/ அடுத்த தலைவலி இரட்டை எழுத்து. ஸ்டாப்-க்கு ஏன் ரெண்டு பீ? முன்னாடி இருக்கிற உயிர் குறில்னு காட்டத்தான். 12-ஆம் நூற்றாண்டில் ஓர்ம் என்ற துறவி இதே யோசனையில் ஒரு பெரிய நூலே எழுதினார். குறிலுக்குப் பின்னால் மெய் இரட்டிக்கும். படியெடுக்கிறவங்க ரெண்டு எழுத்தையும் விடாம எழுதணும்னு கெஞ்சியிருக்கார். யாரும் படியெடுத்த தடயமே இல்லை. ஒரே ஒரு பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கு.

9/ இன்னைய விதி: கடைசியில் ஒரு உயிர், ஒரு மெய், அழுத்தமும் கடைசி அசையில்னா இரட்டிக்கும். அட்மிட்டட்-க்கு ரெண்டு டீ. வாமிட்டட்-க்கு அழுத்தம் முதல் அசையில், அதனால ஒரே டீ. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ கேஸ் ஷீட்டில் அதுக்கும் ரெண்டு டீ போட்டிருக்கேன். நோயாளி என்னவோ நல்லாத்தான் வீட்டுக்குப் போனார். டிராவல்ட்-க்கு பிரிட்டிஷ்காரர் ரெண்டு எல், அமெரிக்கர் ஒரு எல். அவங்களுக்குள்ளேயே முடிவாகலை.

10/ நம்ம தோல் பெல்ட்டுக்கு ஒண்ணு சொல்லணும். தோலுக்குச் சாயம் ஏத்தினா டி-ஒய்-இ-டி. ஆள் செத்தா டி-ஐ-இ-டி. ஒலி ஒண்ணு. ஒரு எழுத்து மாறினா டேனரி சமாச்சாரம் மார்ச்சுவரி சமாச்சாரம் ஆகிடும். ஆனா 1755 அகராதியில் சாமுவேல் ஜான்சன் ரெண்டையும் 'ஐ' போட்டுத்தான் எழுதினார். அடிசன் ரெண்டுக்கும் 'ஒய்'. இந்த வேறுபாடு உறுதியானதே 19-ஆம் நூற்றாண்டில்.

11/ நாம மட்டும் என்ன? நன்னூல் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலை சொல்லி 800 வருஷம் ஆச்சு. எழுதுறது 'படித்தான்', 'சிரித்தான்'. சொல்றது படிச்சான், சிரிச்சான். முன்னாடி இ, ஐ வந்தா நாக்கு மேலண்ணத்துப் பக்கம் போய் 'த்'தை 'ச்' ஆக்கிடுது. 'கொடுத்தான்' குடுத்தான் ஆகுமே தவிர குடுச்சான் ஆகாது. வெளியூர்க்காரர் நம்மகிட்ட வந்து 'படித்தான்'னு அப்படியே சொன்னா சிரிப்போமா? நல்லா தமிழ் பேசுறார்னு பாராட்டுவோம்.

12/ பையன்கிட்ட இவ்வளவும் சொல்லலை. "நீ எழுத்தை நம்பிப் படிச்சே. அது பழைய ஒலி, இப்போ மாறிடுச்சு"ன்னு சொல்லி, தொண்டையில் கை வைக்கச் சொன்னேன். பத்து சொல் சரியா சொன்னான். மாத்திரை எழுதலை.

13/ உங்க வீட்டுப் பிள்ளை 'வாக்கெட்'னு படிச்சா திருத்துங்க. திருத்தத்தான் வேணும், நாளைக்கு இன்டர்வியூல எவனும் அடிசனைப் பத்திக் கேட்க மாட்டான். ஆனா சிரிக்காதீங்க. எழுதியிருக்கிறதைத்தானே அது படிச்சது.