இரட்டை மதிப்பலகுப் பாடங்கள் (அமெரிக்க ஐக்கிய நாடு)

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கல்லூரிப் பாடமொன்றைப் படித்துத் தேறினால், அந்த ஒரே பாடத்துக்குப் பள்ளியும் கல்லூரியும் தத்தம் பதிவேட்டில் மதிப்பலகு வழங்கும் ஏற்பாடு இது. டெக்சஸ், இந்தியானா முதலிய மாநிலங்களில் இதை இரட்டை மதிப்பலகு என்கிறார்கள். ஃபுளோரிடா போன்றவற்றில் இரட்டைச் சேர்க்கை என்பது வழக்கு. மாணவர் கல்லூரி வளாகத்துக்கே சென்று படிக்கலாம்; கல்லூரியின் ஒப்புதல் பெற்ற பள்ளி ஆசிரியர் பள்ளி வகுப்பறையிலேயே நடத்தலாம்; இணையவழியும் உண்டு. ஆண்டிறுதியில் எழுதும் ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரி மதிப்பலகு கோரும் ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) முறையிலிருந்து இது வேறுபட்டது. இதில் பருவம் முழுதும் எழுதும் கட்டுரைகளும் தேர்வுகளும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

தொடக்கத்தில் இது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான சலுகையாகவே இருந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இல், ஆல்பர்ட் வா கல்வித்துறைத் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, தன் பாடங்களை உயர்நிலைப் பள்ளிகளிலேயே நடத்தத் தொடங்கியது. ஏபி தேர்வுகள் உருவானதும் அதே காலத்தில்தான். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1959இல் இவ்வழிக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில், இறுதியாண்டில் பாடச்சுமை குறைந்து சலிப்படையும் மாணவர்களை என்ன செய்வது என்று சிரக்யூஸ் வட்டாரப் பள்ளிகள் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தைக் கேட்டன. அதன் விளைவே ‘புராஜெக்ட் அட்வான்ஸ்’ என்ற திட்டம். முன்னேறிய மாணவருக்கு மேலும் ஒரு படி என்பதற்கு அப்பால் இவற்றில் எதுவும் யோசிக்கவில்லை.

அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியவர் ஜேனட் லீபர்மன். 1974இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், லாகார்டியா சமூகக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அவர் ஓர் உயர்நிலைப் பள்ளியை அமைத்தார். அதில் சேர்க்கப்பட்டவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட மாணவர்கள். கல்லூரிச் சூழலில் வைத்தால் அவர்கள் தங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குவார்கள் என்பது அவர் துணிபு. பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பாடமும் தரும், பின்னாளில் எழுந்த தொடக்கக் கல்லூரிப் பள்ளிகள் பலவற்றுக்கு இதுவே முன்மாதிரி.

ஆயினும் வாசலை அகலத் திறந்தது பணம் பற்றிய ஒரு சட்டமே. மின்னசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச், பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளி மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ள உரிமை தரும் திட்டமொன்றை 1985இல் முன்வைத்தார். பள்ளி வாரியங்களும் ஆசிரியர் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. அவர் கட்சியின் வழக்கமான ஆதரவாளர்களே எதிர்வரிசையில் நின்றார்கள். திட்டத்தின் பெரும்பகுதி அவ்வாண்டு தோற்றது. பேரவையில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பெரும்பான்மைத் தலைவர் கோனி லெவி முன்னின்று நடத்திய ஒரு பகுதி மட்டும் பிழைத்தது: பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் மாநிலமே ஏற்கும், மாணவர் போகும் அளவுக்குப் பள்ளிக்குரிய மானியமும் கல்லூரிக்குப் போகும். இவ்வளவு விரிந்த மாநிலச் சட்டம் நாட்டில் அதுவே முதல்.

மானியம் கைவிட்டுப் போவதைப் பள்ளிகள் ரசிக்கவில்லை. சில பள்ளிகள் மாணவரைத் தக்கவைக்கத் தம் வகுப்பறைகளிலேயே ஏபி பாடங்களையும் கல்லூரிப் பாடங்களையும் கூட்டின. சட்டம் கொண்டுவந்தவர்கள் எதிர்பார்த்ததும் ஓரளவு இதைத்தான். இன்னொரு விளைவு விசித்திரமானது: இத்திட்டத்தில் சேர்ந்தால் பணம் மிச்சமாகும் என்று கல்லூரிகள் மாணவருக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் விதியும் மின்னசோட்டாவில் நெடுநாள் இருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு முதலில் தெரியவேண்டிய செய்தியே அதுதான்.

வாஷிங்டன் மாநிலம் 1990இல் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ சட்டத்தை இயற்றியது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை. புத்தகமும் போக்குவரத்தும் பெரும்பாலும் குடும்பத்தின் பாடு. ஃபுளோரிடா கட்டணத்தோடு பாடநூலுக்கும் விலக்கு அளித்தது. ஒஹாயோவும் கலிஃபோர்னியாவும் 2015இல் தத்தம் வழியில் சேர்க்கையை விரிவாக்கின. ஐடஹோ 2016இல் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவர் பெயரிலும் 4,125 டாலர் ஒதுக்கத் தொடங்கியது.

டெக்சஸ் கதையில் எல்லைப்புறம் முக்கியமானது. கேட்ஸ் அறக்கட்டளை 2002இல் தொடக்கக் கல்லூரிப் பள்ளிகளுக்கு நிதி வழங்கத் தொடங்கியபின், மெக்சிகோவை ஒட்டிய ஹிடால்கோ என்னும் சிறு பள்ளி மாவட்டம் ஒரு முடிவெடுத்தது. தேர்ந்தெடுத்த சிலருக்காகத் தனிப் பள்ளி வேண்டாம், மாவட்டத்தின் எல்லா மாணவருக்கும் கல்லூரிப் பாடம் என்பது அந்த முடிவு. கண்காணிப்பாளர் டேனியல் கிங் 2007இல் பக்கத்துப் பெரிய மாவட்டமான ஃபார்-சான் வான்-அலமோவுக்கு மாறியபோது இந்த எண்ணத்தையும் எடுத்துச் சென்றார். பள்ளியை முடிக்காமல் விட்டுப்போன இளைஞர்களிடம், மீதமிருக்கும் பாடத்தை முடித்துக்கொண்டே கல்லூரியையும் தொடங்கலாம் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். பள்ளிப் பாடத்தில் தேறாதவருக்குக் கல்லூரிப் பாடமா என்ற கேள்வி எழாமல் இல்லை. கூட்டாளி மாவட்டங்களின் மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்காத சௌத் டெக்சஸ் கல்லூரி அருகில் இருந்ததால் அது நடைமுறையில் சாத்தியமாயிற்று. மாநிலச் சட்டமும் துணைநின்றது: ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் குறைந்தது 12 கல்லூரி மதிப்பலகுகள் ஈட்ட வாய்ப்புத் தரவேண்டும் என்று 2006இலும், எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கூடாது என்று 2015இலும் விதிகள் வந்தன.

நாடு முழுவதும் 2002–03இல் இவ்வகையில் படித்தோர் ஏறத்தாழ 8 லட்சம் பேர். 2022–23இல் ஏறத்தாழ 25 லட்சம். சமூகக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர். இந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் ஈடுகொடுக்கவில்லை. பள்ளியில் நடத்தும் கல்லூரிப் பாடத்தின் தரத்தைச் சான்றளிக்க 1999இல் ஒரு தேசியக் கூட்டமைப்பு தோன்றியிருந்தது. மத்திய மேற்கு மாநிலங்கள் பலவற்றின் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் உயர்கல்வி ஆணையம், பள்ளி ஆசிரியரும் கற்பிக்கும் துறையில் முதுநிலைப் பட்டமோ, வேறு துறை முதுநிலைப் பட்டத்தோடு கற்பிக்கும் துறையில் 18 முதுநிலை மதிப்பலகுகளோ பெற்றிருக்கவேண்டும் என்று 2015இல் வலியுறுத்தியது. நாட்டுப்புறப் பள்ளிகள் பலவற்றில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பு எழுந்து கெடு தள்ளிப்போயிற்று. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஆன்ராம்ப்ஸ்’ திட்டம் வேறு வழி கண்டது: பாடத்தை வடிவமைப்பதும் கல்லூரி மதிப்பெண் போடுவதும் பல்கலைக்கழகம், வகுப்பில் நின்று கற்பித்துப் பள்ளி மதிப்பெண் போடுவது உள்ளூர் ஆசிரியர். கல்லூரி மதிப்பெண் பிடிக்காவிட்டால் மாணவர் அதை ஏற்காமலும் விடலாம்.

அந்த விலக்கு சிறிய சலுகையல்ல. மற்றத் திட்டங்களில் பதினாறு வயதில் வாங்கும் மோசமான மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்து, பின்னர் பட்டப்படிப்புக்கு நிதியுதவி கோரும்போது குறுக்கே வரலாம். அந்தப் பதிவேட்டின்மீதான உரிமையும் கூட்டாட்சிச் சட்டப்படி பெற்றோருக்கன்றி மாணவருக்கே உரியது, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும்.

இரட்டைச் சேர்க்கை உயர்கல்விக்குப் போவதையும் பட்டம் முடிப்பதையும் கூட்டுகிறது என்று கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஆய்வு மதிப்பீட்டுப் பிரிவு 2017இல் முடிவு கூறியது. அந்தப் பயன் எல்லோருக்கும் ஒரேபோல் கிடைக்கவில்லை. கறுப்பின மாணவரும் ஹிஸ்பானிய மாணவரும் வெள்ளையரைவிடக் குறைந்த விகிதத்திலேயே இப்பாடங்களில் இருக்கிறார்கள். கட்டணம், நுழைவுத் தேர்வு, பேருந்து வசதி, யாருக்குச் சொல்வது என்ற ஆலோசகரின் தேர்வு என்று காரணம் பல; இவற்றுள் கட்டணமே சட்டத்தால் எளிதில் தீரக்கூடியது என்பதால் மாநிலங்கள் அதிலேயே முதலில் கைவைத்தன. பள்ளியில் இருப்பவருக்குக் ஏழைக் கல்லூரி மாணவருக்கான கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. 2016இல் 44 கல்லூரிகளில் மட்டும் சோதனையாக அனுமதித்தார்கள். டெக்சஸ் 2023இல் அவை மசோதா 8 வழியாக, முந்தைய நான்கு பள்ளியாண்டுகளில் எதிலாவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்த மாணவருக்குப் பங்கேற்கும் கல்லூரிகளில் கட்டணத்தை நீக்கியது.

அதே சட்டம் இன்னொரு குறையையும் தொட்டது. வாய்த்த பாடங்களையெல்லாம் எடுத்து மதிப்பலகு குவித்த மாணவர், பட்டப்படிப்பில் சேரும்போது அவற்றில் பாதி எதற்கும் பொருந்தாமல் கிடப்பதைக் காண்பதுண்டு. டெக்சஸின் அரசுக் கல்லூரிகளுக்குள் 42 மதிப்பலகுகள் கொண்ட பொதுப் பாடத்தொகுதி மாற்றத்தக்கது. அதற்கு வெளியே உறுதி இல்லை. ஆகவே சமூகக் கல்லூரிக்கு மாநிலம் தரும் நிதி, இப்போது சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை: ஒரு பட்டத்துக்கோ தொழிற்சான்றுக்கோ பொருந்தும் வகையில் குறைந்தது 15 மதிப்பலகுகளை முடித்த பள்ளி மாணவர்கள் எத்தனை பேர் என்பதும் அந்தக் கணக்கில் சேருகிறது.